ரெகுலேட்டர் வந்த வழி

நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் அந்தப் பெட்டியைத் தெரிந்திருக்கும். சுவிட்ச் போர்டின் ஓரத்தில், கறுப்பு பேக்கலைட்டில், சின்னச் செங்கல்லைப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். முகத்தில் ஒரு குமிழ், அதைச் சுற்றி ஒன்று முதல் ஐந்துவரை எண்கள். மின்விசிறி ரெகுலேட்டர். குமிழை ஒன்றில் வைத்து விசிறியை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பெட்டியின் மேல் கை வைத்தால் சுடும். ஐந்தில் வைத்தால் சுடாது. விசிறி உயிரைக் கொடுத்து உழைக்கும்போது ஆறிக் கிடக்கிற பெட்டி, அது சோம்பிச் சுற்றும்போது ஏன் கொதிக்கிறது? வீட்டில் இப்படிக் கேட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் "கையை எடு" என்பதுதான்.

உள்ளே இருந்தது ஒரு கம்பிச்சுருள். விசிறிக்குப் போகவேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கை அந்தச் சுருளில் எரித்து வெப்பமாக்கிவிட்டு, மிச்சத்தை விசிறிக்கு அனுப்பும். அறையைக் குளிர்விக்க விசிறியைப் போட்டவர், அதே அறையின் சுவரில் ஒரு குட்டி அடுப்பையும் பற்றவைத்துவிட்டார் என்று பொருள். விசிறி மெல்லச் சுற்றியது. மீட்டர் அந்த அளவுக்கு மெல்லச் சுற்றவில்லை.

வேகத்தைத் தணிப்பது வேறு, ஓடுகிறதை ஓடவிட்டுத் தடுப்பது வேறு. கேட்டால் எளிதாகத் தோன்றும் இந்த வித்தியாசம் பெரிய கட்டடங்களின் ஏசி அறைகளுக்குள் நுழைய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்தக் கதையை நேரில் பார்க்க முடிகிற ஊர் திருவனந்தபுரம். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, தம்பானூர், மியூசியம், பட்டம், உள்ளூர், ஸ்ரீகாரியம் என்று கழக்கூட்டம்வரை போனால் கதையின் முக்கால்வாசி ஜன்னல் வழியே கடந்துபோகும்.

இந்த ஊரின் தொல்லை வெயிலைவிடப் புழுக்கம்தான். வேலூர்க்காரரோ மதுரைக்காரரோ மே மாதத்தில் இங்கே வந்து வெப்பமானியைப் பார்த்தால் "இவ்வளவுதானா" என்பார். 33, 34 டிகிரி. பத்து நிமிடம் கழித்துச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்ட பிறகு வேறு மாதிரிப் பேசுவார். ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, வருடத்தில் இரண்டு பருவமழை. காற்றில் ஈரம் குறைவதே இல்லை. வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? காற்று அசையாவிட்டால் அது காயாது. ஆகவே இங்கே வீடு கட்டியவர்கள் காற்றை அசையவைப்பது எப்படி என்றுதான் முதலில் யோசித்தார்கள்.

அந்த யோசனையின் உச்சத்தைப் பார்க்க ஊருக்குத் தெற்கே, தக்கலைக்குப் பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகவேண்டும். 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை வேணாட்டரசர்களின், பிறகு திருவிதாங்கூர் மன்னர்களின் இருக்கை அதுதான். 1956-இல் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனையின் நிர்வாகம் மட்டும் கேரளத்திடமே நின்றது. தாழ்ந்த ஓட்டுக்கூரை, நடுமுற்றம், கண்ணாடிபோல மின்னும் கருந்தரை எல்லாவற்றையும் தாண்டி அங்கே கவனிக்கவேண்டியது ஜன்னல்கள். ஜன்னல் என்பதைவிட, நெருக்கமாக வரிசையாய்ச் சாய்த்து அடுக்கிய மரப்பட்டைகளால் ஆன சுவர் என்பது சரியாக இருக்கும். வெளிச்சம் வடிகட்டி வரும், மழை வராது, காற்று தாராளமாய் வரும். உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெரு அவரைப் பார்க்க முடியாது. சுவாதித் திருநாள் மகாராஜா கிழக்கேகோட்டையில் கட்டிய புத்தன் மாளிகையிலும் இதே கைவேலைதான். கூரைத் தாங்கிகளில் குதிரைகளைச் செதுக்கிய தச்சர்கள் ஜன்னல்களில் காற்றுக்கு வழி செதுக்கினார்கள். காற்று அதிகமானால் கதவைச் சாத்தலாம், குறைந்தால் திறக்கலாம். கடலிலிருந்து வந்த காற்றுக்கு யாரும் பில் போடாததால், தடுப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

கோட்டையிலிருந்து வடக்கே வந்தால் மியூசியம் வளாகம். 1880-இல் கட்டி முடித்த நேப்பியர் மியூசியத்தை வரைந்தவர் ராபர்ட் சிசோம். சென்னைக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலையில் அவர் கட்டிய செனட் ஹவுஸ் பழக்கம். மதராஸ் அரசாங்கத்தின் கட்டடக்கலைஞரான அவர், இங்கே வந்தபோது கேரளத்துக் கூரையை நன்றாகப் பார்த்திருக்கிறார். உயர்ந்த முகடு, சரிந்த ஓடு, முகட்டின் முக்கோணத்தில் துளைகள் வைத்த மரவேலை. கீழே சூடான காற்று மேலே ஏறி அந்தத் துளைகள் வழியே வெளியேற, கீழ்ச் சாளரங்கள் வழியே புதுக்காற்று உள்ளே வரும். இதற்கு 'இயற்கைக் குளிர்சாதனம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கொஞ்சம் மிகைதான். காற்றின் சூட்டை அது குறைப்பதில்லை, காற்றைத் தேங்கவிடாமல் நடத்துகிறது. ஆனால் இந்த ஊருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது.

காற்றே வராத நாளில் என்ன செய்வது? கச்சேரிகளிலும் துரைமார் பங்களாக்களிலும் மாதாகோவில்களிலும் அதற்கு ஒரு வழி இருந்தது. உத்தரத்திலிருந்து துணிச்சட்டம் தொங்கும். அதில் கட்டிய கயிறு சுவரிலுள்ள ஓட்டை வழியே வராந்தாவுக்குப் போகும். வராந்தாவில் ஒரு மனிதர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். பங்கா. கை ஓய்ந்தால் கால் கட்டைவிரலில் கயிற்றை மாட்டிக்கொண்டு இழுப்பார். உள்ளேயிருந்து அதட்டல் வந்தால் வேகம் கூடும், உள்ளே தூக்கம் வந்தால் குறையும். தேவைக்கேற்ப வேகம் மாறிய முதல் குளிர்சாதனம் ஒரு கூலிக்காரரின் கால் கட்டைவிரல்தான். அவருடைய வியர்வைக்கு யார் விசிறினார்கள் என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கிழக்கேகோட்டைக்கும் தம்பானூருக்கும் இடையே 'பவர்ஹவுஸ் ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. பக்கத்தில் 'சாலை' என்னும் கடைத்தெருவில் சரக்கு வாங்கப் போகும் நாகர்கோவில் வியாபாரிகள் அந்தப் பெயரைத் தினமும் சொல்வார்கள். அந்தப் பவர்ஹவுஸில்தான் 1929-இல் டீசல் எந்திரங்கள் ஓடி ஊருக்கு மின்சாரம் வந்தது. சேது லட்சுமிபாய் ரீஜெண்ட் மகாராணியாக ஆண்ட காலம். பதினொரு வருடம் கழித்து, 1940-இல், மூணாறுக்குக் கீழே பள்ளிவாசலில் திருவிதாங்கூரின் நீர்மின் நிலையம் சுழலத் தொடங்கியது. மின்சாரம் பெருகப் பெருக, பங்காவின் கயிறு அறுந்து மின்விசிறி உத்தரத்தில் ஏறியது. கூடவே சுவரில் அந்தக் கறுப்புப் பெட்டியும் ஏறியது.

இங்கே மோட்டாரின் சுபாவத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். டெஸ்லா 1888-இல் காப்புரிமை வாங்கிய தூண்டல் மோட்டார்தான் இன்றுவரை உலகத்தின் பம்புகளையும் ஊதுவிசிறிகளையும் சுழற்றுகிறது. விலை மலிவு, உழைப்பு அதிகம், பராமரிப்பு சொற்பம். அதற்கு ஒரே பிடிவாதம், வேகத்தை மாற்றிக்கொள்ளாது. கம்பியில் வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வந்தால், அதாவது 50 ஹெர்ட்ஸில் இருந்தால், நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1,440, 1,450 சுற்று சுற்றும். காற்று பாதி போதும் என்றாலும் அதே சுற்றுதான். தண்ணீர் கால்வாசி போதும் என்றாலும் அதே சுற்றுதான்.

வில்லிஸ் கேரியர் 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக முதல் நவீன குளிர்சாதன முறையை வடிவமைத்தார். புழுக்கத்தில் காகிதம் ஊதிப்போய், ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக விழவில்லை. ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் எந்திரம், மனிதர்களின் சுகம் பின்னால் வந்தது. திருவனந்தபுரத்தில் பீரோவுக்குள் வைத்த பட்டுப்புடவை பூஞ்சை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சகக்காரரின் கஷ்டம் உடனே புரியும்.

கேரியரின் வாரிசாக வளர்ந்த பெரிய கட்டட ஏசியைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி பம்பும் விசிறியும்தான். மொட்டைமாடியிலோ பின்கட்டிலோ சில்லர் என்னும் பெரிய எந்திரம், ஏறக்குறைய 7 டிகிரிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும். ஒரு பம்ப் அந்தத் தண்ணீரை மாடி மாடியாக அனுப்பும். ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்ன அறை, கதவில் 'ஏஎச்யூ' என்று எழுதியிருக்கும். உள்ளே குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருள், அதன் வழியே காற்றை இழுத்துத் தள்ளும் ஊதுவிசிறி, அதைச் சுழற்றும் பெல்ட், மோட்டார். அலுவலகத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் 12 டிகிரியாகத் திரும்பும். சில்லர் அந்தச் சூட்டை வேறொரு தண்ணீரிடம் கொடுக்க, இன்னொரு பம்ப் அதைக் கூலிங் டவருக்குத் தூக்கும், அங்கே இன்னொரு விசிறி. சில்லரின் பலத்தை 'டன்' என்று அளப்பது ஐஸ் கட்டி வியாபாரக் காலத்தின் மிச்சம். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அவ்வளவு, சுமார் மூன்றரை கிலோவாட்.

இத்தனை மோட்டார்களையும் எந்த நாளுக்காகத் தேர்ந்தெடுப்பார்கள்? வருடத்திலேயே மிகப் புழுக்கமான மதியத்தில், எல்லா நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்திருக்கும் வேளைக்காக. அதற்கு மேல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னும் கொஞ்சம் சேர்ப்பார் என்ஜினியர். அப்படி ஒரு மதியம் வருடத்தில் சில முறைதான் வரும். மற்ற நாளெல்லாம் காற்று அதிகம், தண்ணீர் அதிகம். அதிகமானதை என்ன செய்வது? காற்றுக்குழாயில் டேம்பர் என்னும் தகட்டைச் சாய்த்து வழியை அடைப்பார்கள். தண்ணீர்க்குழாயில் வால்வைப் பாதி மூடுவார்கள். அல்லது மூன்று வழி வால்வு வைத்து, வேண்டாத குளிர்நீரைச் சுருளுக்குள் விடாமல் வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள். மோட்டார் பாட்டுக்கு முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மாட்டைச் சாட்டையால் விரட்டிக்கொண்டே மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்கிற வேலை. சுவரிலிருந்த கறுப்புப் பெட்டி, நூறு மடங்கு பெரிதாகிக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் திருவனந்தபுரம் ஓர் எதிர்க்கட்சிக்காரரைக் கொண்டுவருகிறது. பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியாவில் குடியேறி, 1970 வாக்கில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த லாரி பேக்கர். உள்ளூர் என்னும் இடத்தில், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு, சுமார் பத்து ஏக்கர் மேட்டு நிலத்தில் அவர் கட்டிய செங்கல் கட்டடங்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. பூசாத சுவர், நடுவில் துளைவிட்டு அடுக்கிய ஜாலி. ஒரு குளத்தை ஒட்டி உயரமான ஜாலிச் சுவர் எழுப்பி, தண்ணீர் மேல் தவழும் குளிர்ந்த காற்று அழுத்த வித்தியாசத்தால் தானாக உள்ளே வரும்படி செய்தார். பத்மநாபபுரத்தின் மரப்பட்டையைச் செங்கல்லில் மொழிபெயர்த்தவர் அவர். தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கும் தமிழர்கள் எல்லோருக்கும் அவருடைய இன்னொரு கட்டடம் தெரியும், யார் கட்டியது என்றுதான் தெரியாது. சுருண்டு சுருண்டு மேலேறும் சிவப்பு இந்தியன் காபி ஹவுஸ். சரிந்த தரையில், சுவர்த் துளைகளின் வெளிச்சத்தில், பீட்ரூட் போட்ட மசால்தோசை சாப்பிடும்போது ஏசி ஞாபகம் வருவதில்லை.

அந்த பேக்கரையும் கணினி மடக்கியது. ஆய்வு மையத்துக்கு ஒரு கணினிக் கூடம் வேண்டும் என்றபோது, எந்திரத்துக்கு நிலையான குளிரும் வறண்ட காற்றும் தேவைப்பட்டது. அவர் கட்டடத்துக்கு இரண்டு தோல் வைத்தார். வெளியே வழக்கமான ஜாலி, வட்ட வளைவுகளில். உள்ளே கணினியின் நிபந்தனைக்கு உட்பட்ட மூடிய சுவர். அந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் திருவனந்தபுரத்தின் அடுத்த நாற்பது வருடம் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஏனென்றால் அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி, காரியவட்டத்தில், 1990-இல் டெக்னோபார்க் வந்தது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. அதன் பின்னால் இருந்தவர் கே.பி.பி. நம்பியார். 1973-இல் கெல்ட்ரான் என்ற மாநில எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவரும் அவரே. கட்டடங்களுக்கு ஆறுகளின் பெயர் வைத்தார்கள்: பம்பா, பெரியாறு, நிளா, காயத்ரி, பவானி, சந்திரகிரி. 2007-இல் தேஜஸ்வினி. கவிதையான ஏற்பாடுதான். எந்த ஆற்றின் பெயர் வாசலில் இருந்தாலும் உள்ளே உண்மையாக ஓடியது 7 டிகிரிக் குழாய்த்தண்ணீர். அமெரிக்காவின் பகலுக்கு இங்கே இரவில் உழைக்கிற குழு ஒன்று, பகலில் வருகிற குழு இன்னொன்று. ஒரே மாடியில் காலை பத்து மணிக்கு இருநூறு பேர், இரவு பத்து மணிக்கு முப்பது பேர் என்பது ஐடி கட்டடங்களில் சாதாரணம். மோட்டாருக்கோ இருநூறும் முப்பதும் ஒன்றுதான்.

வேகத்தையே குறைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளிக்கணக்கு போதும். விசிறியின் வேகத்தை ஐந்தில் நான்காகக் குறைத்தால் காற்றும் ஐந்தில் நான்காகக் குறையும். மின்சாரமோ அந்தப் பின்னத்தை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு இறங்கும். 0.8 × 0.8 × 0.8 = 0.512. கொஞ்சமே கொஞ்சம் காற்றை விட்டுக்கொடுத்தால் மின்சாரம் பாதி. 10 கிலோவாட் இழுத்த விசிறி 12 மணி நேரத்தில் 120 யூனிட் தின்னும், 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் ஏறக்குறைய 61. பாதி வேகம் என்றால் எட்டில் ஒரு பங்கு. டேம்பரைச் சாய்த்து அதே காற்றைக் குறைத்தால் மின்சாரம் சற்றே அசைந்து கொடுக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு என்ஜினியர்களுக்குப் பழசு. செய்துகாட்டும் கருவிதான் இல்லை. 1968-இல் டென்மார்க்கின் டான்ஃபோஸ், வேகம் மாற்றும் டிரைவைத் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்தது. விலையும் பருமனும் அதிகம் என்பதால் தொழிற்சாலைகளுக்கு வெளியே அது லேசில் வரவில்லை. டிரைவ் செய்கிற வேலையைத் திருவனந்தபுரத்துக் கடலோரத்தில் கயிறு திரிப்பவர்களிடம் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். ஏற்கெனவே முறுக்கிய கயிற்றைப் பிரித்து நாராக்கி, வேண்டிய முறுக்கில் மறுபடியும் திரிப்பது. கம்பியில் 50 ஹெர்ட்ஸில் வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, 30 ஹெர்ட்ஸோ 42 ஹெர்ட்ஸோ வேண்டிய அலையாக மோட்டாருக்குக் கொடுக்கும். மோட்டாரின் பிடிவாதம் மாறவில்லை, அது கும்பிடும் எண்தான் மாறியது. அவ்வளவு வேகமாக, சூடாகாமல், மலிவாக வெட்டும் கத்தி வேண்டுமே?

அந்தக் கத்தியைத் தீட்டியவர் சென்னையில் பிறந்தவர். ஜயந்த் பாலிகா, 1969-இல் சென்னை ஐஐடியில் பட்டம் வாங்கியவர். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐஜிபிடி என்னும் டிரான்சிஸ்டரை உருவாக்கினார். இன்று மெட்ரோ ரயிலிலும் மின்காரிலும் சூரியத்தகடுகளின் இன்வெர்ட்டரிலும் அது இருக்கிறது. நிறுவனத்தின் அன்றைய தேவைகளில் ஒன்று, வீட்டைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் பயன்படும் ஹீட் பம்புகளுக்கு வேகம் மாற்றும் டிரைவ். ஏசி மோட்டாரைத் தணிக்கத் தேடிய வழி ரயில்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. 2024-இல் அவருக்குப் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. கிட்டத்தட்ட ஐஜிபிடி பிறந்த அதே காலத்தில், 1980-81-இல், ஜப்பானின் தோஷிபா முதல் இன்வெர்ட்டர் ஏசிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

'இன்வெர்ட்டர்' என்ற சொல் நம்மூரில் பட்ட பாடு தனி. கரண்ட் போனால் பேட்டரியில் விளக்கெரிக்கும் பெட்டிக்குத்தான் வீடுகளில் அந்தப் பெயர். இன்வெர்ட்டர் ஏசி என்றதும் "கரண்ட் போனாலும் ஓடுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டவர்கள் ஏராளம். பெரிய கட்டடங்களில் இந்தக் குழப்பம் இல்லை, அங்கே அது 'விஎஃப்டி' அல்லது வெறும் 'டிரைவ்'.

இந்த வித்தை திருவனந்தபுரத்துக்கு இறக்குமதிச் சரக்காக மட்டும் வரவில்லை. நம்பியாரின் கெல்ட்ரான் காலத்திலேயே, 1974-இல், இங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சி மையம் பிறந்தது. பின்னாளில் மத்திய அரசின்கீழ் போய், 2002-இல் சி-டாக் நிறுவனத்தோடு இணைந்தது. மின்சாரத்தை வெட்டித் தைக்கும் பவர் எலக்ட்ரானிக்ஸ் அதன் பழைய பலம். 2004-இல் அத்துறைக்கென்று தேசிய இயக்கம் ஒன்றை மத்திய அரசு தொடங்கியபோது, நாடு முழுவதற்கும் தலைமை மையமாக டெல்லியையோ பெங்களூரையோ வைக்கவில்லை, திருவனந்தபுரம் சி-டாக்கைத்தான் வைத்தது. டெக்னோபார்க்கில் சாப்ட்வேர் எழுதுவது உலகத்துக்குத் தெரிந்த அளவுக்கு, வெள்ளையம்பலத்தில் கன்வெர்ட்டர் செய்வது ஊருக்கே தெரியாது.

சட்டமும் அதே ஆண்டுகளில்தான் நகர்ந்தது. 2001-இல் எரிசக்திச் சிக்கனச் சட்டம், 2002-இல் அதை நடத்த எரிசக்தித் திறன் பணியகம் (பிஇஇ). அதற்கும் முன்பே, 1996-இல், கேரளம் எரிசக்தி மேலாண்மை மையம் என்று ஒன்றைத் தொடங்கிவிட்டது. ஸ்ரீகாரியத்தில், பேக்கரின் செங்கல்லுக்கும் டெக்னோபார்க்கின் கண்ணாடிக்கும் நடுவழியில் அது இருக்கிறது. இடுக்கி அணையை நம்பி ஒரு தலைமுறை வாழ்ந்த மாநிலம், புதிய அணை கட்டச் சைலண்ட் வேலி போராட்டத்துக்குப் பிறகு முன்போல இடமில்லாத மாநிலம், இன்று மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிற மாநிலம். மிச்சப்படுத்துவதுதான் அதற்குச் சுலபமான அணை. 2007-இல் வந்த வணிகக் கட்டட எரிசக்தி விதித்தொகுப்பு ஒரு வரியில் டிரைவைக் கட்டடத்துக்குள் கூட்டிவந்தது: ஓட்டம் மாறும்படி அமைத்த குளிர்நீர் அமைப்புகளில், 3.7 கிலோவாட், அதாவது ஐந்து குதிரைத்திறன், அல்லது அதற்கு மேற்பட்ட பம்ப் மோட்டார்களுக்கு வேகம் மாற்றும் டிரைவ் வேண்டும்.

ஏஎச்யூ அறைக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்று நின்று பார்க்கலாம். சுவரில் சாம்பல் நிறப் பெட்டி. பழைய ரெகுலேட்டரின் பேரப்பிள்ளை. சின்னத் திரையில் 38.4 என்று எண் மினுக்கும். மாடியில் ஆள் குறைந்து, திரும்பிவரும் காற்றின் சூடு இறங்க இறங்க, எண் 36, 35 என்று தானாக இறங்கும். பெல்ட்டின் சத்தம் கீச்சிலிருந்து முனகலாக மாறும். காலையில் மோட்டாரைத் தொடங்கும்போது முன்பெல்லாம் ஆறேழு மடங்கு கரண்டைக் குபீரென்று இழுத்து விளக்கை மங்கச் செய்யும், பெல்ட் ஒரு குலுக்கில் தேயும். டிரைவ் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றும். தண்ணீர்ப் பக்கத்தில் மூன்று வழி வால்வுகளைக் கழற்றி இரண்டு வழி வால்வுகள் போடுவார்கள். மாடிகள் வேண்டாம் என்று வால்வை மூடும்போது குழாயில் அழுத்தம் ஏறும், அதை உணர்ந்து பம்ப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பிருந்த ஏதாவதொரு வால்வு கண்டிப்பாக எங்கோ பாதி மூடியே துருப்பிடித்துக் கிடக்கும். அதை முழுக்கத் திறக்காமல் டிரைவ் போட்டால் பழைய கறுப்புப் பெட்டியும் பேரப்பிள்ளையும் ஒரே குழாயில் உட்கார்ந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும்.

இப்படிக் கெடுவதற்கு இன்னும் வழிகள் உண்டு. ஒரு மாடியில் புழுக்கம் என்று புகார் வந்த அன்று, ஆபரேட்டர் டிரைவை 'மேனுவல்' போட்டு 50-இல் நிறுத்துவார். புகார் தீரும். அந்த எண்ணை யாரும் திரும்ப மாற்றமாட்டார்கள். லட்சங்கள் கொடுத்து வாங்கிய டிரைவ் வெறும் சுவிட்ச்சாக வருடக்கணக்கில் ஓடுகிற கட்டடங்கள் எந்த ஊரிலும் உண்டு. டிரைவின் மேல் தப்பில்லை, அதைப் பார்க்கச் சொல்லி யாருக்கும் வேலை கொடுக்காததுதான் தப்பு. பங்கா இழுப்பவரைக் கவனித்த அளவுக்குக்கூட அதை யாரும் கவனிப்பதில்லை.

வேகத்தை மூன்று முறை பெருக்கும் அந்தக் கணக்கும் எல்லா இடத்திலும் அப்படியே பலிக்காது. கூலிங் டவருக்குத் தண்ணீரை உயரே தூக்கும் பம்ப், வேகம் எவ்வளவு இறங்கினாலும் அந்த உயரத்தை ஏற்றித்தான் ஆகவேண்டும், அங்கே லாபம் குறைவு. சில்லருக்குள் ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தண்ணீர் உறையும் ஆபத்து. டிரைவும் தன் பங்குக்குச் சில சதவீதம் தின்னும், அதன் வெட்டு வேலையால் கட்டடத்தின் மின்சாரத்தில் ஹார்மோனிக்ஸ் என்னும் அலைச்சிதைவு ஏறும். டெல்லியைப் போல மேயில் கொதித்து ஜனவரியில் நடுங்கும் ஊர்களில் பருவம் மாற மாறப் பாரம் குறையும். திருவனந்தபுரத்தில் டிசம்பரும் மேயும் அண்ணன் தம்பிகள். இங்கே டிரைவுக்குத் தீனி, மழை கொட்டும் மதியங்களும் காலி நாற்காலிகளும்தான்.

ஆனால் ஈர விஷயத்தில் இந்த ஊருக்கு டிரைவ் கூடுதலாக ஒன்று செய்கிறது. காற்று மெதுவாகச் சுருளைக் கடந்தால் நன்றாகக் குளிர்ந்து, ஈரத்தை அதிகமாக உதிர்த்துவிட்டுப் போகும். பழைய வகை ஏசியில் கம்ப்ரசர் நின்றபின்னும் விசிறி முழுவேகத்தில் ஓடி, சுருளில் ஒட்டியிருந்த தண்ணீரை மறுபடியும் அறைக்குள்ளேயே கொண்டுவந்து போடும். டெக்னோபார்க் ஊழியர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு 'புழுக்கமாக இருக்கிறது' என்று சொல்வதை வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். குளிரும் ஈரமும் வேறு வேறு என்று அந்த ஸ்வெட்டருக்குத் தெரிந்திருக்கிறது. குளிர்நீரின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றிவைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வழியை வறண்ட ஊர்க்காரர்கள் தாராளமாகச் செய்வார்கள். இங்கே அதைச் செய்தால் காற்று ஈரத்தை விடாது, மேஜையிலுள்ள காகிதம் தளர்ந்து வளையும். கேரியரின் அச்சகத்துக்கே திரும்பி வந்ததுபோல இருக்கும்.

2024 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தின் ஒரு நாள் மின்நுகர்வு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. இந்த மாநிலத்தில் மாலை ஆறரைக்கு விளக்கேற்றும் நேரம்தான் முன்பெல்லாம் உச்சம். அது நகர்ந்து நகர்ந்து நள்ளிரவை எட்டியிருந்தது. அலுவலகங்களைவிடப் படுக்கையறைகள் அதிகம் இழுத்தன. ஏசியை 26 டிகிரிக்குக் கீழே இறக்கவேண்டாம் என்று, பட்டத்திலுள்ள வைத்யுதி பவனத்திலிருந்து மின்வாரியம் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டது. 2020 முதல் இந்தியாவில் விற்கும் வீட்டு ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. ரிமோட் நம் கையில் இருக்கும்போது அந்த விதி முதல் ஐந்து நொடிக்குத்தான்.

டிரைவும் இப்போது அடித்தளத்தை விட்டு வீட்டு உத்தரத்துக்கு வந்துவிட்டது. சாலைத் தெரு மின்சாமான் கடைகளில் பிஎல்டிசி விசிறி என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்கள். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டுக்குள். அதன் கிண்ணத்துக்குள் ஒரு குட்டி டிரைவ் உட்கார்ந்து, வேகத்துக்கேற்ப மின்சாரத்தைக் கத்தரிக்கிறது. ஒன்றில் வைத்தால் உண்மையாகவே ஒன்றுக்குரிய மின்சாரம்தான். அதை மாட்ட வருகிற எலக்ட்ரீஷியன் முதலில் செய்கிற காரியம், பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து நீக்குவது. இரண்டும் ஒத்துப்போகாது. பெட்டியைக் கழற்றியதும் சுவரில் நாலு விரல் அகலத்துக்கு, முப்பது வருடத்துக்கு முந்தைய பெயிண்டின் இளம்பச்சை தெரிகிறது. நடுவில் ஒரு ஓட்டை, இரண்டு ஒயர் முனைகள். அவற்றைச் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டு, பத்து ரூபாய் பிளாஸ்டிக் தகட்டால் மூடிவிட்டு, பழைய பெட்டியை எடைக்குப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டுக்கொண்டே அவர் ஏணியைச் சாத்துகிறார்.